மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஏழை நாடுகளுக்குச் செய்தது என்ன? பாராட்டுவதா, திட்டுவதா?

சுடர்க்கொடி எழுதியது:

வணக்கம் மக்களே. முதுகலைப் பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வளர்ச்சிப் பொருளாதாரத் தாளுக்கு ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அது பிற நாடுகளின் வளர்ச்சிக்கு என்ன செய்தது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய பெயர்கள் எல்லாம் முதல் நாளே போய்விட்டன, எனக்கு மிஞ்சியது மிச்சிகன் ஸ்டேட். (மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறு, அது ஆன் ஆர்பரில் இருக்கிறது. இது ஈஸ்ட் லான்சிங். நானே முதல் இரண்டு நாள் தப்பான பல்கலைக்கழகத்தைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன், சிரிக்காதீர்கள்.)

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஒரு பக்கம் நைஜீரியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாகக் கைகொடுத்தார்கள், கிழக்குப் பாகிஸ்தானில் கிராம மேம்பாட்டுக்கு ஒரு கல்விக்கழகம், ஜப்பானின் ஒக்கினாவாவில் ஒரு பல்கலைக்கழகம், பிரேசிலில் வணிகக் கல்லூரி. இன்னொரு பக்கம், அதே ஆட்கள் அதே வருடங்களில் வியட்நாமில் போலீசுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், சிஐஏ ஆட்களுக்கு இடமும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையில் எப்படி வைப்பது என்றே தெரியவில்லை. பல்கலைக்கழகத்தின் பழைய வெளியீடுகளைப் படித்தால் எல்லாம் தொண்டு. எதிர்ப்பாளர்கள் எழுதியதைப் படித்தால் எல்லாம் பனிப்போர் வேலை.

இன்னொரு சின்னச் சந்தேகம். கோழி வளர்ப்பும் பயிர்நோயும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு உலகம் சுற்றும் ஆசை எங்கிருந்து வந்தது? 2025 ஜூலையில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டையே இழுத்து மூடிவிட்டார்கள், அதனால் இந்தக் கேள்வி பழங்கதை மாதிரியும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

---

பழைய ஏடு எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது புரிந்தால் மற்றதில் பாதி புரியும்.

1855இல் மிச்சிகன் மாநிலம் தொடங்கிய வேளாண் கல்லூரி இது. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. லேண்ட் கிராண்ட் கல்லூரிகள் என்கிறார்களே, அவைதான். அப்புறம் 1887இல் ஆராய்ச்சிப் பண்ணைகளுக்குச் சட்டம், 1914இல் விரிவாக்கப் பணிக்குச் சட்டம். அந்த மூன்றாவதுதான் முக்கியம். பேராசிரியர் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால் போதாது, கல்லூரியின் ஆள் ஒருவர் விவசாயியின் கொட்டகைக்கே போக வேண்டும் என்பது சம்பளம் கொடுத்து நடத்திய ஏற்பாடாகவே ஆகிவிட்டது.

அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்தான் ஜான் ஹன்னா. கோழி வளர்ப்பு படித்தவர், கோழிப் பண்ணையாளர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டு மாநிலம் முழுக்கச் சுற்றிய விரிவாக்க அலுவலர். 1941இல் கல்லூரித் தலைவரானார். முந்தைய தலைவர் அவருடைய மாமனார், அதையும் சொல்லிவிட வேண்டும். 1969 வரை 28 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார்.

1949 ஜனவரி 20 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பதவியேற்பு உரையில் நான்காவது அம்சமாக ஒன்றைச் சொன்னார்: அமெரிக்காவின் அறிவியல், தொழில்நுட்ப அறிவைப் பின்தங்கிய பகுதிகளுக்குக் கொண்டுபோவது. 'பாயிண்ட் ஃபோர்' என்று பெயர் நின்றுவிட்டது. ஹன்னா அப்போது லேண்ட் கிராண்ட் கல்லூரிகள் சங்கத்தின் தலைவர். கொஞ்ச நாளிலேயே ட்ரூமனுக்குக் கடிதம் எழுதி, எங்கள் கல்லூரிகள் தயார் என்று சொல்லிவிட்டார். அவர் கணக்கு நேரானது. மிச்சிகன் விவசாயிக்குச் செய்ததைக் கொலம்பியா விவசாயிக்கும் செய்யலாம், அவ்வளவுதானே. அது 'அவ்வளவுதான்' இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

1951இல் கொலம்பியாவின் வேளாண் கல்லூரிகள். அதே 1951இல் ஒக்கினாவாவின் ரியூக்யூஸ் பல்கலைக்கழகம், போரில் தரைமட்டமான ஷுரி கோட்டை இருந்த மேட்டிலேயே நடந்தது அது. 1954இல் சாவோ பாலோவில் வணிக மேலாண்மைக் கல்லூரி. 1956இல் பன்னாட்டுத் திட்டங்களுக்கென்றே தனியாக ஒரு டீனை நியமித்தார்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதற்கு முன்னோடி இவர்கள்தான். ஹன்னாவே 1969இல் யுஎஸ்எய்டின் தலைவராகப் போய் 1973 வரை இருந்தார்.

ஆக, ஆசை எங்கிருந்து வந்தது என்றால் பாதி நம்பிக்கை, பாதி வளர்ச்சிப் பசி. அரசு ஒப்பந்தம் வந்தால் ஆசிரியர் பணியிடம் கூடும், பெயர் கூடும், கிழக்குக் கரைப் பழைய பல்கலைக்கழகங்களோடு ஒரே வரிசையில் உட்காரலாம். ஹன்னாவுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

---

நெருஞ்சி எழுதியது:

பழைய ஏடு அண்ணன் நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் 'பாதி நம்பிக்கை' என்று தடவிக்கொடுத்த இடத்தில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வியட்நாமை நேராகப் பார்ப்போம்.

வெஸ்லி ஃபிஷெல் என்று ஓர் அரசியல் துறைப் பேராசிரியர். 1950இல் டோக்கியோவில் நோ டின் தியெமைச் சந்திக்கிறார், தியெமுக்கு அப்போது பதவி எதுவும் கிடையாது. பிறகு தியெம் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது மிச்சிகன் ஸ்டேட்டே அவருக்கு ஆலோசகர் வேலை கொடுக்கிறது. 1954இல் தியெம் தென் வியட்நாம் பிரதமர். 1955இல் பல்கலைக்கழகத்தின் குழு சைகோனில் இறங்கிவிட்டது. 1962 வரை ஏழு வருடம், மொத்தம் 2.5 கோடி டாலர். ஒரு நட்பு, அதன் பின்னால் ஓர் அரசு ஒப்பந்தம், அதன் பின்னால் ஒரு பல்கலைக்கழகம், இந்த வரிசையைக் கவனியுங்கள்.

வேலை என்ன? நிர்வாகப் பயிற்சிக்கு ஒரு தேசிய நிறுவனம், சரி, அதைக் கல்வி என்று ஒப்புக்கொள்ளலாம். வடக்கிலிருந்து வந்த பல இலட்சம் அகதிகளைக் குடியமர்த்த ஆலோசனை, அதுவும் சரி. மூன்றாவது, போலீஸ் பிரிவு. கைரேகை, குற்றப் பதிவேடு, துப்பாக்கிப் பயிற்சி, இரகசியப் போலீசுக்கு ஆலோசனை. ஒரு பல்கலைக்கழகத்திடம் இவ்வளவு போலீஸ் நிபுணர்கள் எங்கே இருப்பார்கள்? இல்லை. வெளியிலிருந்து ஆள் எடுத்துப் பல்கலைக்கழகச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பிரிவுக்குள் 1959 வரை சிஐஏ குழு ஒன்று இருந்தது. இது எதிரிகள் கட்டிய கதை இல்லை. திட்டத்தில் வேலை செய்த ராபர்ட் சிக்லியானோவும் கை ஃபாக்ஸும் 1965இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இருக்கிறது. அடுத்த வருடம் ஏப்ரலில் ராம்பார்ட்ஸ் பத்திரிகை அதை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்ட பிறகுதான் ஊர் முழுக்க நாறியது. அட்டையில் தியெமின் தம்பி மனைவி மேடம் நூ, மிச்சிகன் ஸ்டேட் விளையாட்டுக் குழுவுக்கு உற்சாகக் குரல் கொடுக்கும் பெண்ணின் உடையில். கட்டுரைக்கு முன்னுரை எழுதியவர் ஸ்டான்லி ஷைன்பாம், ஈஸ்ட் லான்சிங்கிலிருந்து அந்தத் திட்டத்தை ஒருங்கிணைத்தவர்.

சுடர்க்கொடி, "இரண்டையும் எப்படி வைப்பது" என்று கேட்டீர்கள். இரண்டு இல்லை, ஒன்றுதான். ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் எதைச் செய்வது என்பதைப் பணம் கொடுப்பவன் தீர்மானிக்கிறான். இன்றைக்குக் கோழி, நாளைக்குக் கைவிலங்கு.

---

கரிசல் எழுதியது:

நெருஞ்சி சொன்ன வியட்நாம் கதையில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் 'ஒன்றுதான்' என்றால் கொமில்லாவை எங்கே வைப்பீர்கள்?

நான் கொஞ்ச காலம் கிராம மேம்பாட்டுத் திட்டங்களில் வேலை பார்த்தவன். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் யாராவது ஒருவர் கொமில்லா என்று சொல்லிவிடுவார், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தான், இன்றைய வங்கதேசத்தில், டாக்காவுக்குத் தென்கிழக்கே இருக்கும் ஊர். 1959இல் அங்கே கிராம மேம்பாட்டுக் கல்விக்கழகம் தொடங்கினார்கள், அதே நேரத்தில் பெஷாவரில் இன்னொன்று. பணம் ஃபோர்டு அறக்கட்டளை, ஆலோசனை மிச்சிகன் ஸ்டேட். நோக்கம் ரொம்பச் சாதாரணம்: அரசின் கிராமத் திட்ட அலுவலர்களுக்குப் பயிற்சி.

இயக்குநராக வந்தவர் அக்தர் ஹமீது கான். பிரிட்டிஷ் ஆட்சியில் ஐசிஎஸ் அதிகாரி. வங்கப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த வேலையை உதறிவிட்டு, அலிகார் பக்கம் போய்ப் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்தார். அப்புறம் ஆசிரியர், அப்புறம் கொமில்லா விக்டோரியா கல்லூரி முதல்வர். இந்த மனிதரை ஈஸ்ட் லான்சிங்குக்கு அழைத்து அறிமுகப் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்க விரிவாக்க முறையை அப்படியே எடுத்துக்கொண்டு வருவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

அவர் வந்து செய்தது வேறு. அதிகாரிக்குப் பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்புவதைத் தலைகீழாக்கினார். ஊர்க்காரர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் வாரம் ஒரு நாள் மையத்துக்கு வந்து கற்றுக்கொண்டு, திரும்பிப் போய் வாரக் கூட்டத்தில் தன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். அதே கூட்டத்தில் எல்லோரும் கொஞ்சமாவது சேமிப்பு போட வேண்டும். சேமிப்பு இல்லாவிட்டால் கடன் இல்லை. மையம் இருந்ததும் எங்கோ தலைநகரில் இல்லை, தாணா (நம் ஊர் வட்டம் மாதிரி) அளவில், காலையில் கிளம்பினால் இருட்டும் முன் வீடு திரும்பிவிடலாம். விவசாய அலுவலர், கால்நடை அலுவலர், கூட்டுறவு அலுவலர் எல்லோரும் அங்கேயே. ஒரு கையெழுத்துக்கு மூன்று அலுவலகம் அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆழ்துளைக் கிணறு போட விலை உயர்ந்த எந்திரத்துக்குக் காத்திருக்காமல் மூங்கில் சாரம் கட்டி உள்ளூர் ஆட்கள் கையாலேயே துளைத்தார்கள்.

ஒரே ஒரு சங்கத்தை மட்டும் சொல்கிறேன். 1960இல் முகமது யாசீன் என்ற தேநீர்க் கடைக்காரரும் எட்டு ரிக்‌ஷா ஓட்டுநர்களும் ஆளுக்கு ஓர் அணா போட்டு ஒன்பது அணாவில் தொடங்கினார்கள், திதார் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர். அதைக் கட்டி வளர்த்ததற்காக யாசீனுக்கு 1988இல் மகசேசே விருது கிடைத்தது. கானுக்கு 1963லேயே கிடைத்திருந்தது. 1964இல் மிச்சிகன் ஸ்டேட் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பாடம் கேட்க அழைத்த ஆளையே ஆசானாக்கிக்கொண்ட மாதிரி.

மிச்சிகன் ஸ்டேட் அங்கே செய்த நல்ல காரியம், குறுக்கே நிற்காமல் இருந்தது. ஆலோசகர்கள் கூட இருந்தார்கள், நூலகம் அமைத்தார்கள், கணக்கு எழுதவும் அறிக்கை எழுதவும் பழக்கினார்கள். சோதனை எங்கே வெற்றி, எங்கே தோல்வி என்று வருடா வருடம் ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். கொமில்லா பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதே அதனால்தான்.

பிறகு 1970களில் நாடு முழுக்க விரித்தபோது சறுக்கியது, சங்கங்கள் பல இடங்களில் வசதியான விவசாயிகள் கைக்குப் போயின, கடன் திரும்பவில்லை. கானே இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதையும் கட்டுரையில் எழுதுங்கள், இல்லாவிட்டால் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள்.

---

சுடர்க்கொடி எழுதியது:

ஐயோ, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை, நன்றி. கரிசல் அண்ணா சொன்னதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. கொமில்லாவில் அந்தப் பக்கம் கான் மாதிரி ஒரு ஆள் இருந்தார், "இது எங்களுக்கு வேண்டாம், இப்படி வேண்டும்" என்று சொல்லும் ஆள். அப்படி ஒருவர் இருந்த இடத்தில் நல்லது நடந்தது, இல்லாத இடத்தில் கெட்டது நடந்தது என்று எழுதலாமா? இதையே என் வாதமாக வைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

---

நெருஞ்சி எழுதியது:

அழகான வாதம், ஆனால் நிற்காது. தியெமும் வேண்டாம் என்று சொன்ன ஆள்தான். திரும்பிப் போன பேராசிரியர்கள் சிலர் அமெரிக்கப் பத்திரிகைகளில் அவருடைய ஆட்சியைக் கிழித்து எழுதினார்கள், அவருக்குக் கோபம் வந்தது, 1962இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் குழுவையே ஊருக்கு அனுப்பிவிட்டார். உறுதியான உள்ளூர்த் தலைவர் இருந்தார், அவர் 'வேண்டாம்' சொன்னார். அவர் வேண்டாம் என்றது விமர்சனத்தை. ஆக, அந்தப் பக்கம் ஆள் இருந்தாரா என்பது போதாது, அந்த ஆள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று கேளுங்கள்.

(இந்த விஷயத்தில் அந்தப் பேராசிரியர்களுக்கு ஒரு சலாம். ஒப்பந்தம் போனாலும் பரவாயில்லை என்று எழுதினார்கள். பல்கலைக்கழகம் என்றால் அதுதான்.)

---

ஊர்க்குருவி எழுதியது:

சுடர்க்கொடி முதலில் சொன்ன நைஜீரியப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்சுக்கா. யாரும் அதைத் தொடவில்லையே, நானே எழுதிவிடுகிறேன். சுடர்க்கொடியின் வாதத்துக்கும் அது ஒரு சோதனை.

நம்தி அசிகிவே, நைஜீரிய விடுதலைப் போராட்டத் தலைவர்களில் ஒருவர், பின்னாளில் முதல் குடியரசுத் தலைவர். படித்தது அமெரிக்காவில், அதுவும் லிங்கன், ஹோவர்டு போன்ற கறுப்பினத்தவர் பல்கலைக்கழகங்களில், பிறகு பென்சில்வேனியாவில். நைஜீரியாவில் அப்போது இருந்தது இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரி மட்டும். 1948இல் தொடங்கியது, பட்டம் லண்டனுடையது, பாடத்திட்டமும் லண்டன் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சிறு கூட்டம் மட்டும் இலத்தீனும் கிரேக்கமும் படித்துக்கொண்டிருந்தால் நாடு எழுந்திருக்காது, விவசாயம், பொறியியல், பத்திரிகைத் தொழில், ஆசிரியர் பயிற்சி எல்லாம் பட்டப்படிப்பாக வேண்டும் என்பது அசிகிவேயின் பிடிவாதம். கிழக்கு மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1955இல் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். பணத்துக்குப் பெரிய ஊற்று மாகாண விற்பனை வாரியம், அதாவது பனை எண்ணெய் விவசாயிகளிடமிருந்து சேர்ந்த பணம். இதை மறந்துவிடாதீர்கள். அமெரிக்கா கட்டிக்கொடுத்த பல்கலைக்கழகம் என்று சிலர் எழுதுவார்கள், செங்கல்லில் பெரும் பங்கு அந்த விவசாயிகளுடையது.

1958இல் ஹன்னாவும், அவருடைய டீன் க்ளென் டாகர்ட்டும், இங்கிலாந்தின் எக்ஸிட்டரிலிருந்து ஜேம்ஸ் குக்கும் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். நாடு விடுதலை அடைந்த அதே 1960 அக்டோபரில் பல்கலைக்கழகம் திறந்தது. 220 மாணவர்கள், 13 ஆசிரியர்கள். முதல் துணைவேந்தர் ஜார்ஜ் ஜான்சன், ஹோவர்டு சட்டக் கல்லூரியின் டீனாக இருந்த கறுப்பின அமெரிக்கர்.

இபாதான் பக்கத்தில் ஏளனம் தாங்க முடியாது. வீட்டு அறிவியலுக்குப் பட்டமா, உடற்கல்விக்குப் பட்டமா, தரம் என்ன ஆவது என்று. முதலாண்டு மாணவர்கள் எல்லோரும், எந்தத் துறையாக இருந்தாலும், பொதுப் படிப்பு என்று ஒன்றைப் படித்தாக வேண்டும் என்பதையும் கேலி செய்தார்கள். அந்தப் பொதுப் படிப்பு இன்றைக்கு நைஜீரியாவின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கட்டாயம்! ஏளனம் செய்தவர்களின் மாணவர்களும் அதைத்தான் எழுதித் தேறுகிறார்கள்.

1967 ஜூலையில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் முதலில் விழுந்த ஊர்களில் என்சுக்கா ஒன்று. கிழக்கு மாகாணம் பயாஃப்ரா என்ற பெயரில் தனி நாடாகப் பிரிந்ததால் வந்த போர் அது; ஊர் விழுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கும் பயாஃப்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் வெளியேறினார்கள், கட்டடங்கள் சிதைந்தன, நூலகம் சூறையானது. 1970இல் போர் முடிந்து திரும்பி வந்தவர்கள் உட்கார நாற்காலிகூட இல்லாமல்தான் வகுப்புகளைத் தொடங்கினார்கள். மிச்சிகன் ஸ்டேட் திரும்பி வரவில்லை. பல்கலைக்கழகம் நின்றது. இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உதவியவர் போன பிறகு நிற்கிறதா என்று பார்க்கத் தனியாக ஆய்வு வைக்கத் தேவையே இல்லாமல் வரலாறே மூன்று வருடம் சோதித்துப் பார்த்துவிட்டது.

---

தராசு எழுதியது:

எல்லோரும் 1950, 60களிலேயே நிற்கிறீர்கள், கட்டடம், நிறுவனம், தலைவர் என்று. நான் வேளாண் பொருளாதாரம், என் துறையில் மிச்சிகன் ஸ்டேட் என்றால் வேறு ஒன்று நினைவுக்கு வரும். 1980களிலிருந்து ஆப்பிரிக்காவில் அவர்கள் செய்தது, ஊர் ஊராகப் போய்க் கேட்டுக் கணக்கெடுத்தது. பார்க்கச் சுவாரசியம் இல்லாத வேலை, அதனால் யாரும் கதையாகச் சொல்வதில்லை.

கார்ல் ஐகர் என்று ஒருவர். என்சுக்காப் பல்கலைக்கழகத்தின் பொருளாதார வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவர், அங்கிருந்து போனபின் வாழ்நாள் முழுக்க ஆப்பிரிக்க வேளாண்மையிலேயே இருந்தார். என்சுக்கா கட்டடம் நின்றது என்று ஊர்க்குருவி சொன்னார், என்சுக்காவால் மிச்சிகன் ஸ்டேட்டும் மாறியது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பியது: கிராமத்தில் இருப்பவர்கள் தானியம் விற்பவர்கள், ஆகவே தானிய விலையை ஏற்றினால் கிராமத்துக்கு நல்லது. மாலி, ஜிம்பாப்வே, இன்னும் சில நாடுகளில் வீடு வீடாகக் கேட்டபோது தெரியவந்தது, கிராம வீடுகளில் கணிசமான பங்கு வருடத்தில் விற்பதைவிட வாங்குவதே அதிகம். விலை ஏறினால் அவர்கள் வயிற்றில்தான் அடி. நமக்கு இன்று இது சாதாரணமாகத் தெரியும், அன்றைக்குக் கொள்கை வகுப்பவர்களுக்குச் சுருக்கென்று தைத்தது.

இன்னொன்று, எனக்குப் பிடித்தது. ஜிம்பாப்வே அரசு பெரிய ஆலைகளின் வெள்ளை மக்காச்சோள மாவுக்கு மானியம் கொடுத்து வந்தது. சிறு மாவு மில்களில் அரைத்த, தவிடு நீக்காத மாவு மலிவு, சத்தும் அதிகம், ஆனால் தானியத்தை நகரத்துக்குள் தனியார் கொண்டுவரக் கட்டுப்பாடு இருந்ததால் நகரத்து ஏழைக்கு அது கிடைக்காது. "நகரத்து மக்கள் அந்த மாவைத் தொடமாட்டார்கள்" என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். ஜிம்பாப்வே பல்கலைக்கழகமும் மிச்சிகன் ஸ்டேட்டும் சேர்ந்து ஹராரேயில் வீடுகளில் போய்க் கேட்டார்கள், விலை குறைவாக இருந்தால் வாங்குவோம் என்று ஏழை வீடுகளில் நிறையப் பேர் சொன்னார்கள். 1993இல் மானியத்தை எடுத்துக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் நகரத்தில் சிறு மில்கள் காளான் மாதிரி முளைத்தன. யாரிடமும் கேட்காமல் "மக்கள் விரும்பமாட்டார்கள்" என்று சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

மொசாம்பிக்கில் 1991இல், உள்நாட்டுப் போர் முடியும் முன்பே, சந்தை விலைத் தகவல் சேகரிக்கும் அமைப்பை வேளாண் அமைச்சகத்துக்குள்ளேயே தொடங்கினார்கள். இந்த வேலைகளில் அந்தந்த நாட்டு ஆட்கள் எடுத்த புள்ளிவிவரத்தை அந்தந்த நாட்டு ஆட்களே எழுதி, தங்கள் அமைச்சர் முன்னால் தாங்களே பேசினார்கள். பலர் ஈஸ்ட் லான்சிங் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பியவர்கள்.

இதற்கெல்லாம் யுஎஸ்எய்ட் பணம்தான். நெருஞ்சி சொல்லும் 'பணம் கொடுப்பவன் தீர்மானிக்கிறான்' 2025இல் வேறு விதமாக நடந்தது, ஒரே வீச்சில் ஆராய்ச்சித் திட்டங்களை முடித்துவிட்டார்கள். நான் கொஞ்ச நாள் வேறொரு நாட்டில் இப்படி ஒரு கணக்கெடுப்பில் இருந்தேன், நடுவில் பணம் நின்றால் என்ன ஆகும் என்று தெரியும். மூன்றாவது சுற்றுக்கு அதே வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். போக முடியாது. முந்தைய இரண்டு சுற்றையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "அடுத்த மழைக்கு வருவோம்" என்று அந்த வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருப்போம்.

---

நெருஞ்சி எழுதியது:

தராசு, ஹராரே கதை எனக்குப் புதிது, நன்றி. அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் பழைய ஏடு தொடங்கிய இடத்துக்கே ஒரு சின்னத் திருத்தம். மோரில் சட்டம் 'நிலம் கொடுத்து' என்று எழுதினீர்கள். யாருடைய நிலம்? 2020இல் ஹை கன்ட்ரி நியூஸ் இதழ் ஆவணங்களைத் தோண்டி, சுமார் 250 பழங்குடிகளிடமிருந்து எடுத்த ஏறக்குறைய 1.07 கோடி ஏக்கர் இப்படிக் கல்லூரிகளுக்குப் போனது என்று கணக்குக் காட்டியது. மிச்சிகனுக்கு வந்தது 2,40,000 ஏக்கர். உலகத்துக்குக் கொடை கொடுத்த கதை உள்ளூரில் பிடுங்கியதில் தொடங்குகிறது, முதல் பத்தியிலேயே இது வர வேண்டும்.

---

பழைய ஏடு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். 'கொடுத்து' என்ற சொல் பழக்கத்தில் வந்துவிட்டது. கொடுத்தவர் யார் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

ஆனால் முதல் பத்தியில் வைப்பதா என்பது சுடர்க்கொடியின் கட்டுரை, நம்முடையது இல்லை. தம்பியா தங்கையா தெரியவில்லை, யாராக இருந்தாலும், எங்கள் இருவர் பேச்சையும் கேட்டுக் கட்டுரையை இரண்டாக உடைத்துவிடாதீர்கள். 'நன்மைகள்', 'தீமைகள்' என்று இரண்டு தலைப்பு போட்டால் நான் ஆசிரியராக இருந்தால் பாதி மதிப்பெண்தான்.

---

சுடர்க்கொடி எழுதியது:

தங்கைதான் அண்ணா. :)

நெருஞ்சி உடைத்த வாதத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: மிச்சிகன் ஸ்டேட் ஆட்கள் தப்பு செய்தால் அதை நிறுத்த முடிந்தவர் யார்? கொமில்லாவில் வாரக் கூட்டம், சேமிப்பு போடாமல் எழுந்து போய்விட்டால் முடிந்தது. என்சுக்காவில் மாகாண அரசும் அதன் பணமும். ஹராரேயில், கொஞ்சம் இழுத்துச் சொன்னால், மாவு வாங்குபவர். சைகோனில் தியெம் மட்டும், போலீசிடம் மாட்டியவர் கையில் ஒன்றும் இல்லை. 2025ல் நிறுத்தியவர் வாஷிங்டனில் இருந்தார், அந்த வீட்டம்மாவை யாரும் கேட்கவில்லை. நிலப் பிரச்சினையையும் இதே கேள்வியில் கொண்டுவந்துவிடலாம், அங்கேயும் நிறுத்த முடிந்தவர் யாரும் இல்லை.

3,000 சொல்லுக்குள் முடிக்க வேண்டும், அதுதான் இப்போது பயம். ஒக்கினாவாவையும் பிரேசிலையும் ஒரே வரியில் தாண்டிவிடலாமா?

---

ஊர்க்குருவி எழுதியது:

பிரேசிலைத் தாண்டலாம். ஒக்கினாவாவைத் தாண்டாதீர்கள், அங்கே ஒப்பந்தம், அந்தத் தீவை அப்போது ஆண்ட அமெரிக்க இராணுவ நிர்வாகத்தோடு. உங்கள் கேள்வியை அங்கே கேட்டுப் பாருங்கள், கொமில்லா மாதிரியும் இருக்காது, சைகோன் மாதிரியும் இருக்காது. அரைப் பக்கமாவது கொடுங்கள். வேண்டுமானால் கொமில்லாவில் ரிக்‌ஷாக்காரர்களை வெட்டிக்கொள்ளுங்கள்.

---

கரிசல் எழுதியது:

ரிக்‌ஷாக்காரர்களை வெட்டினால் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்.